அந்த 48 நாள்

கோமு,

பிசான அறுப்பு ஆரம்பிச்சாச்சு, மேலவயல்ல மிஷின் இறங்கிருக்கு, அம்மாவுக்கு முட்டுவலி தேவல. வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. நீ போன் பண்ணி இன்னையோட 22 நாள் ஆகுது, குத்தமா சொல்லல, எண்ணிக்கிட்டு இருக்கேன்னு மட்டும் சொல்லுதேன். வாட்ஸப்ல போட்டா ப்ளூ டிக் விழுது, பதில் வர மாட்டேங்கு. அதான் மெயில்ல எழுதுதேன், நீளமா இருக்கும், உக்காந்து படி.

பொங்கலுக்கு நீ வந்திருந்தப்ப நான் ஒண்ணும் கேக்கல. அம்மா சிறுகிழங்கு தோல் உரிச்சு உரிச்சு விரலெல்லாம் கறுத்துப்போய் பொரியல் வச்சிருந்தா, நீ ஒண்ணு கூட எடுக்கல. நீ கொண்டாந்த டப்பாவுல முளைகட்டின வெந்தயம், பச்சப்பயறு, துருவின பீட்ரூட். அதை நீ மென்னுக்கிட்டு இருந்தத நான் பேப்பருக்குப் பின்னாடி இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மாட்டுப்பொங்கல் அன்னைக்கு மத்தியானம், நல்ல வெயிலு, நீ திண்ணையில ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருந்த. தை மாசம்னாலும் நம்ம ஊர்ல மத்தியானம் யாரு ஸ்வெட்டர் போடுதா? பரண்ல இருந்து என்னமோ எடுக்கணும்னு கையைத் தூக்குன, ஆச்சி வளையல் மணிக்கட்டுல இருந்து சரசரன்னு வழுக்கி முழங்கையில வந்து நின்னுச்சு. அதை நான் பாத்தது உனக்குத் தெரியாது.

நம்ம குடும்பத்துல முதல் எம்டெக் நீதான், எங்க போனாலும் அதை நான் சொல்லாம வர மாட்டேன், உனக்கே தெரியும். ஆனா இவ்வளவு படிச்ச பிள்ளை, "பச்சையா சாப்பிட்டா என்சைம் உயிரோட இருக்கும்ப்பா, சமைச்சா செத்துரும்"னு எங்கிட்ட வந்து சொல்லலாமா? முப்பது வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு என்சைம் பாடம் நடத்தினவன்கிட்ட? அன்னைக்கே நான் பதில் சொல்லிருக்கணும், சொல்லல, ஏன் சொல்லலைன்னு கீழ எழுதுதேன்.

அம்மாகிட்ட நீ சொன்ன விஷயத்தை அம்மா எங்கிட்ட சொல்லிட்டா. அவ மேல கோவப்படாத. அதை உங்கிட்ட நேரா பேச எனக்கு வாய் வராது. ஆனா படிக்கலாம் இல்லியா, அதனால படிச்சேன், ஒரு மாசமா ராத்திரி அதான் வேலை.

என்சைம்ங்கறது புரோட்டீன். வயித்துல இருக்க ஆசிட்ல அதோட உருவமே குலைஞ்சு போவும், அப்புறம் மத்த புரோட்டீன் மாதிரி அதுவும் செரிச்சிரும். நம்ம செரிமானத்துக்கு வேணும்கற என்சைமை நம்ம எச்சிலும் கணையமும் குடலுமே செய்யுது, பீட்ரூட்டோட என்சைம் பீட்ரூட்டுக்குத்தான். இதுல ரெண்டு பேச்சு கிடையாது.

நீ சொன்னதுல நியாயமும் உண்டு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். கீரையை வேகவச்சு தண்ணியைக் கொட்டுனா விட்டமின் சி பாதி அதோட போயிரும், சரிதான். பூண்டைப் பச்சையா நசுக்குனாத்தான் அந்த வாடை அடிக்குத சத்து, அல்லிசின், உண்டாகும், அதுவும் சரிதான். வெள்ளரிக்காயும் நெல்லிக்காயும் பச்சையா தின்னு, யாரு வேண்டாங்கா? ஆனா கேரட்டுலயும் முருங்கைக்கீரையிலயும் இருக்க கரோட்டின் வெந்து, கொஞ்சம் எண்ணெயோட போனாத்தான் உடம்புல நல்லா ஒட்டுது. மரச்சீனியைப் பச்சையா கடிக்காதன்னு ஆச்சி உன் கையில அடிச்சாளே, அதுல சயனைடு உண்டாகும், சரியா வேகவச்சாத்தான் போவும், ஆச்சிக்கு சயனைடுன்னு பேரு தெரியாது, அம்புட்டுதான். அப்புறம் உன் டப்பா வெந்தயம். 2011-ல ஜெர்மனியில முளைகட்டின வெந்தயத்துல இருந்துதான் ஈ கோலைங்கற கிருமி பரவிச்சு, கிட்டத்தட்ட நாலாயிரம் பேருக்கு நோவு, அம்பது பேருக்கு மேல செத்துப்போனாங்க. எகிப்துல இருந்து வந்த விதைன்னு முடிவு பண்ணாங்க. முளைகட்ட வேணும்கற சூடும் ஈரமும்தான் கிருமிக்கும் வேணும். முளைகட்டு, வேண்டாங்கல, ஒரு கொதி விட்டு இறக்கித் தின்னு.

இப்ப நான் சொல்ல வந்தது. ஜெர்மனியில கீசன்னு ஒரு ஊரு, அங்க யுனிவர்சிட்டியில பச்சை உணவு மட்டுமே வருஷக்கணக்கா சாப்பிடுத ஆளுகளை ஐநூறு பேருக்கு மேல தேடிப்பிடிச்சு கேட்டிருக்காங்க, 1999-ல வெளியிட்டாங்க. அதுல பொம்பளைங்கள்ல நாலுல ஒருத்தருக்கு எடை இருக்க வேண்டியதுக்குக் கீழ. 45 வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல நூத்துக்கு முப்பது பேருக்கு அந்த விஷயம் தவறிப்போயிருக்கு, சிலருக்கு அடியோட நின்னே போயிருக்கு. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல பச்சையாவே சாப்பிட்டவங்களுக்கு அது இன்னும் ஜாஸ்தி. எந்த விஷயம்னு நான் எழுத மாட்டேன், உனக்குப் புரியும்.

அதே கூட்டத்துல இருநூறு பேருக்கு ரத்தம் எடுத்துப் பாத்து 2005-ல எழுதுனாங்க. கெட்ட கொழுப்பு நல்லாவே குறைஞ்சிருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன், நல்லதை நல்லதுன்னுதான் சொல்லணும். ஆனா நல்ல கொழுப்பும் கம்மி, நூத்துக்கு 38 பேருக்கு பி12 பத்தல. பி12 செடிகொடியில கிடைக்காது கோமு, பால்ல, தயிர்ல, முட்டையில, மீன்ல, கறியிலதான். நீ மோரு கூட வேண்டாம்னுட்ட. அதே 2005-ல அமெரிக்காவுல செயிண்ட் லூயிஸ்ல பச்சை உணவுக்காரங்க 18 பேரோட எலும்பை அளந்து பாத்தாங்க, இடுப்புலயும் முதுகுத்தண்டுலயும் அடர்த்தி கம்மி. உனக்கு முப்பது வயசு. எலும்பு சேத்து வைக்குத வயசு இதோட முடியப்போவுது.

இதெல்லாம் கணக்கெடுப்புதான், இதை வச்சு இதுனாலதான் அது வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, சாப்பாடு பத்தாமப் போனதாலயா பச்சையா தின்னதாலயான்னு பிரிக்கிறது கஷ்டம்னு நானே ஒத்துக்கிடுதேன். ஆனா பச்சையா தின்னா ஹார்மோன் சரியாவும், விஷம் வெளியேறும்னு நீ பாக்குத வீடியோவுல சொல்லுதாங்களே, அதுக்கு இந்த அளவு ஆதாரம் கூட இல்ல. நானும் தேடித்தான் பாத்தேன். உன் பக்கம் ஒண்ணாச்சும் கிடைக்காதான்னுதான் தேடுனேன்.

ரத்தம் டெஸ்ட் எடு. ஹீமோகுளோபின், பி12, தைராய்டு மூணும். பொம்பளை டாக்டராப் பாத்துக்கோ.

இப்ப, அன்னைக்கு நான் ஏன் வாயைத் திறக்கலைங்கறது. நீ என்ன சொன்ன? "நீங்கதானப்பா எனக்கு முன்மாதிரி, 48 நாள் அடுப்பே பத்தவைக்காம இருந்து வீசிங்கை விரட்டுனீங்களே"ன்னு சொன்ன. அந்தக் கதையை நான் உனக்கு எத்தனை தடவை சொல்லிருப்பேன். ஸ்டாஃப் ரூம்ல, கல்யாண வீட்டுப் பந்தியில, சொல்லாத இடம் கிடையாது. நம்ம பக்கம் சிவசைலத்துல இயற்கை உணவு ஆசிரமம் இருக்கதால தேங்காயும் வாழைப்பழமும் பேச்சு நமக்குப் புதுசு இல்ல. ஆனா என்னைய யாரும் செய்யச் சொல்லல, 2003 தையில நானாத்தான் ஆரம்பிச்சேன், அம்மாவையும் சேத்து. உனக்கு மட்டும் ஆச்சி கீழ்வீட்டுல சோறு ஊட்டிட்டா, அவ புண்ணியம்.

நான் ஒம்பது நாள்தான் இருந்தேன் கோமு. பத்தாவது நாள் போர்டுல எழுதும்போது கை நடுங்குச்சு. அன்னைக்கு சாயங்காலம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில உக்காந்து நாலு இட்லி தின்னேன். அதுக்கப்புறம் தெனமும் தின்னேன். வாயைக் கழுவி, ஒரு வெத்தலையைப் போட்டுட்டு வீட்டுக்கு வருவேன். வீசிங்குக்கு இன்ஹேலர் என் ஸ்கூல் மேஜை டிராயர்லயே கிடந்துச்சு, விடவே இல்ல. வீசிங் குறைஞ்சது அதுனாலதான்.

அம்மா நெசமாவே இருந்தா. நான் நல்லா இருக்கதைப் பாத்து, அவரு நல்லா இருக்காரே நமக்குத்தான் உடம்பு வளையலன்னு 48 நாள் முடிஞ்சும் விடாம ஆறு மாசம் இருந்தா. ஆனித்தேர் அன்னைக்கு டவுன்ல ரத வீதியில மயங்கி விழுந்தாளே, நீ கூட அழுதியே, வெயில்லதான்னு சொன்னோம், வெயில் இல்ல. ஆஸ்பத்திரியில ரத்தம் ஏழுன்னு சொன்னாங்க. போன வாரம்தான் அம்மா மிச்சத்தைச் சொன்னா. அந்த மூணு நாலு மாசம் அவளுக்கும் நின்னிருக்கு. உனக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ உண்டாயிருக்குன்னு நெனச்சு, ஆச்சிகிட்ட கூட சொல்லாம மனசுக்குள்ள வச்சிருந்தாளாம். 22 வருஷம் எங்கிட்ட சொல்லல. அடுப்படியில கீரை ஆய்ஞ்சுக்கிட்டே, தலையை நிமித்தாமச் சொன்னா. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன், அதுக்கும் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. இட்லிக் கதையை இன்னும் அவகிட்ட சொல்லல. உங்கிட்டதான் முதல்ல சொல்லுதேன், அவ ரயிலேறுறதுக்குள்ள அவகிட்டயும் சொல்லிருவேன்.

நீ நம்புனது வீடியோவை இல்ல கோமு, என்னைய. அதான் எனக்குத் தூக்கம் வரல.

வெள்ளிக்கிழமை பெங்களூர் ரயிலுக்கு அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சு, கீழ் பெர்த்து கிடைச்சிருச்சு. நான் வரல, நான் வந்தா நீ வாயைத் திறக்க மாட்ட. தொலி உளுந்து ரெண்டு கிலோ, உடன்குடி கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய், எள்ளு எல்லாம் கட்டி வச்சிருக்கு. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவ செஞ்சு தருவா, களி கிண்டுவா, ஒரு கை தின்னாலும் போதும். அவகூட டாக்டர்கிட்ட போ. ரத்தம் டெஸ்ட் மறக்காத, ஹீமோகுளோபின், பி12, தைராய்டு. ரிசல்ட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், அம்மாவுக்குத் தெரிஞ்சாப் போதும்.

சனிக்கிழமை காலையில ஸ்டேஷனுக்குப் போயிரு, அம்மாவால பையைத் தூக்க முடியாது.

அப்பா