செயலாளரின் ஆண்டறிக்கை: டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் வயர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நமது கிளாசிக் கார் சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. ஆண்டு அணிவகுப்பு மழையால் ஒரு முறை தள்ளிப்போய்ப் பிறகு நல்லபடியாக முடிந்தது. உதிரிபாகப் பரிமாற்ற நாளில் கார்புரேட்டர்களும் ஹப் கேப்புகளும் கைமாறின. நூலகத்துக்குச் சில பழுதுபார்ப்புக் கையேடுகள் வந்தன.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணி. டேஷ்போர்டுக்கு அடியில் இணைப்பில்லாமல் தொங்கும் வயர்களை அடையாளம் காணும் வகுப்புகளை நடத்தினோம். அவற்றிலிருந்து வயர்ப் பதிவேடு ஒன்றும் உருவானது. இது மெக்கானிக்கின் வேலை, சங்கத்துக்கு எதற்கு என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

நம் கார்கள் பல கைகள் மாறி வந்தவை. ஒருவர் ரேடியோ வைத்தார், அடுத்தவர் அதைக் கழற்றினார். பனி விளக்கும் அலாரமும் வந்து போயின. வயர்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன. கூடுதல் வசதிகளுக்காகத் தொழிற்சாலையே விட்ட காலி முனைகளும் உண்டு. இவற்றில் எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

நம் உறுப்பினர் ஒருவரின் காரில் நடந்ததைச் சொல்கிறேன். அது பிரிட்டிஷ் கார். ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் நான்கு வயர்கள் தொங்கின. 'வேண்டாத வயர்கள், விட்டுவிடுங்கள்' என்று முன்பு பார்த்த மெக்கானிக் சொல்லியிருந்தாராம். சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது மீட்டர்களுக்கு வெளிச்சம் தரும் பல்பின் வயர். பச்சையில் பழுப்புக் கோடு போட்டது ரிவர்ஸ் விளக்குக்குரியது. வெள்ளையில் பழுப்புக் கோடு போட்டது ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கிலிருந்து எஞ்சினில் உள்ள சுவிட்சுக்குப் போவது. அழுத்தம் குறைந்தால் அந்தச் சுவிட்ச் வயரை எர்த்தோடு, அதாவது பேட்டரியின் ஒரு முனை இணைந்திருக்கும் உலோக உடலோடு, சேர்க்கும், விளக்கு எரியும். இக்னிஷனைப் போட்டு, விளக்கிலிருந்து வரும் முனையைக் காரின் உலோக உடலில் தொட்டோம். விளக்கு எரிந்தது. யாரோ அழுத்த மீட்டர் பொருத்தியபோது இதைக் கைவிட்டிருக்கிறார்கள். நான்காவது, தடித்த பழுப்பு வயர். பிரிட்டிஷ் கார்களில் வெறும் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வரும் நேர் இணைப்பு. சாவி கையில் இருந்தாலும் அதில் மின்சாரம் உண்டு. அதன் முனையில் சுற்றியிருந்த டேப் காய்ந்து உதிர்ந்து கொண்டிருந்தது. உலோகத்தில் பட்டிருந்தால் தடுக்க ஒரு ஃபியூஸ்கூட இல்லை; வயர் சிவக்கச் சூடாகி அந்த வயர்க் கற்றையே எரிந்திருக்கும். வேண்டாத வயர் என்று சொல்லப்பட்டது இதைத்தான்.

வகுப்பில் சொன்னதை வராதவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன். கை வைப்பதற்கு முன் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்ற வேண்டும். அடுத்து புகைப்படம், பிறகு ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய டேப். அழுக்கேறிய வயரில் பச்சையும் நீலமும் ஒன்றாகத்தான் தெரியும். ஈரத்துணியால் துடைத்து, கற்றையின் மேல் டேப்பைச் சிறிது விலக்கினால் வெயில் படாத இடத்தில் உண்மையான நிறம் இருக்கும். பிரிட்டிஷ் முறையில் முதலில் சொல்வது வயரின் முழு நிறம், அடுத்தது அதன்மேல் ஓடும் கோடு. வெள்ளை, இக்னிஷன் போட்டால் உயிர்பெறுவது. பச்சை அதே மின்சாரம் ஃபியூஸ் வழியாக வருவது. ஊதா எப்போதும் உயிருள்ளது, ஆனால் ஃபியூஸ் உள்ளது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பக்க விளக்குகள், கறுப்பு எர்த்.

இந்த நிறங்களை அச்சிட்ட அட்டையை ஜெர்மன் காரில் வைத்துப் பார்க்கக் கூடாது. இதை ஒவ்வொரு வகுப்பிலும் குரலை உயர்த்தியே சொன்னேன். அங்கே பழுப்புதான் எர்த். பிரிட்டிஷ் காரில் மிக ஆபத்தான நிறம் ஜெர்மன் காரில் மிகச் சாதுவான நிறம். ஜெர்மன் கார்களில் இணைப்பு முனையின் எண்ணைப் பார்ப்பதே மேல்: 30 பேட்டரி, 15 இக்னிஷன், 31 எர்த்.

நிறம் தெரிந்தபின்னும் சோதனை வேண்டும், ஏனெனில் முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போட்டிருப்பார். வெற்று முனைகள் எதிலும் படாதபடி விலக்கி வைத்து, பேட்டரியை மீண்டும் இணைத்து, சோதனை விளக்கின் ஒரு முனையை எர்த்தில் பொருத்தி மறுமுனையால் ஒவ்வொரு வயரையும் தொட வேண்டும்: எல்லாம் அணைந்த நிலையில் ஒரு முறை, இக்னிஷன் போட்டு ஒரு முறை, விளக்குச் சுவிட்சைப் போட்டு ஒரு முறை. எந்த நிலையிலும் எரியாத வயர் செத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது எர்த் ஆகவோ பெட்ரோல் மீட்டரின் சென்சார் வயராகவோ இருக்கலாம். அதற்கு 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது சென்சாரையே கெடுத்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் மின்தடையை (ஓம்) அளப்பதே முறை. பாசிட்டிவ் எர்த் உள்ள, அதாவது பேட்டரியின் பிளஸ் முனை உலோக உடலோடு இணைந்த, பழைய கார்களில் மல்டிமீட்டர் மைனஸ் காட்டினால் பதற வேண்டியதில்லை. அடையாளம் தெரியாத முனைகளைச் சேர்த்து முறுக்காமல், தனித்தனியாக உறையிட்டுக் கட்டிவைக்க வேண்டும்.

பதிவேட்டில் ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம்: நிறம், கோடு, எங்கே தொங்கியது, எந்த நிலையில் மின்சாரம், இரு முனைகளும் எங்கே. இன்னொருவர் அந்தக் காரை வாங்கினாலும் இந்த வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சங்கம் செய்யக்கூடிய வேலை இதைவிட வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அதே முகங்கள்தான். பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை, வரவில்லை என்று சொல்லவும் இல்லை. வராதவர்களே இரவில் தொலைபேசியில் அழைத்து, பச்சை வயர் ஒன்று தொங்குகிறது, என்ன செய்யலாம் என்கிறார்கள். கோடு என்ன நிறம் என்று கேட்டால் பார்க்கவில்லை என்கிறார்கள். எவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. சங்கத்தின் மல்டிமீட்டர்களில் ஒன்றை எடுத்துச் சென்றவர் இன்னும் திருப்பித் தரவில்லை. யாரென்று அவருக்குத் தெரியும்.

வரவு செலவு விவரம் பொருளாளரின் அறிக்கையில் உள்ளது. மொத்தத்தில் கணக்கு நேராக இருக்கிறது, கையில் சிறிது மீதியும் இருக்கிறது. நிலுவைச் சந்தா வந்திருந்தால் அந்த மீதி இன்னும் பெரிதாக இருந்திருக்கும். சோதனை விளக்கு, டேப், அச்சிட்ட நிற அட்டை எல்லாம் சந்தா செலுத்தியவர்களின் பணத்தில் வாங்கியவை. நிற அட்டையை எல்லோருக்கும் கொடுத்தோம், நிலுவை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து.

இடம் தந்த உறுப்பினர், அட்டையை அச்சிட உதவியவர், தணிக்கையாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேட்டை எல்லாக் கார்களுக்கும் முடித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். டேஷ்போர்டுக்கு அடியில் ஒருவர் படுத்தால், வெளியே நின்று சுவிட்ச் போடவும் எழுதிக்கொள்ளவும் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் கிடைக்காததால் நின்றுபோன பக்கங்கள் பல. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பதிவேட்டை மட்டும் பாதியில் விட மனம் வராது. வகுப்புக்கான படிவமும் சந்தா ரசீதுப் புத்தகமும் நுழைவாயில் மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடியும்வரை பொருளாளர் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்