அந்த 64 அடி: யாங்கீஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உரிமையாளர் ஹால் ஸ்டைன்பிரென்னர், பொது மேலாளர் பிரையன் கேஷ்மன், மேனேஜர் ஆரன் பூன்
நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி, பிராங்க்ஸ்

வணக்கம்.

2025 அக்டோபர் 8 இரவு, உங்கள் சொந்த மைதானத்தில் டொரான்டோ ப்ளூ ஜேஸ் 5-2 என வென்று, பிளே-ஆஃப் சுற்றான டிவிஷன் சீரிஸை 3-1 கணக்கில் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நீங்கள் கடைசியாக உலகத் தொடர் பட்டம் வாங்கியது 2009-இல். அதற்குப் பிறகு பதினாறு அக்டோபர்கள் போய்விட்டன. எங்கே திரும்பினாலும் கேஷ்மனை அனுப்பு, பூனை மாற்று என்ற கூச்சல்தான். (தமிழில் எழுதினால் இரண்டாவது கோரிக்கை வீட்டுப் பிராணியைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. மேனேஜரைத்தான் சொல்கிறார்கள்.)

அந்தக் கூச்சலில் சேர நாங்கள் வரவில்லை. சீசனில் 94 வெற்றி. டொரான்டோவுக்கும் அதே 94தான். நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களில் அவர்கள் முந்தியிருந்ததால் டிவிஷன் பட்டம் அவர்களுக்குப் போனது. ஹோம் ரன் 274, லீக்கிலேயே அதிகம். அடிக்கத் தெரியாத அணி என்று உங்களை யாரும் சொல்ல முடியாது. கையில் வந்து விழும் எளிய பந்தை அக்டோபரில் அவுட்டாக மாற்ற முடியவில்லை என்பதுதான் எங்கள் குறை. தொடர்ந்து இரண்டு வருடம் பார்த்துவிட்டோம். அதைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை என்பதால்தான் இந்த மடல்.

முதலில் 2024 அக்டோபர் 30. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ். நீங்கள் 5-0 முன்னிலை. உங்கள் பிட்சர் (பந்துவீச்சாளர்) கெரிட் கோல் நான்கு இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. டாட்ஜர்ஸின் கிகே ஹெர்னாண்டஸ் ஒரு சிங்கிள் (முதல் பேஸை எட்டும் அடி). டாமி எட்மன் அடித்தது நேரே உங்கள் ஆரன் ஜட்ஜ் கைக்கு, தவறவிட்டார். வில் ஸ்மித்தின் தரைப் பந்தை எடுத்த ஆன்டனி வோல்பி மூன்றாவது பேஸுக்கு எறிந்தார். பந்து தரையில் குத்தி எகிறியது. மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்டும் இல்லை. இங்கிருந்து கோல் செய்தது அபாரம்: கேவின் லக்ஸ் ஸ்ட்ரைக்-அவுட், ஷோஹெய் ஓதானி ஸ்ட்ரைக்-அவுட். மூன்றாவதாக மூக்கி பெட்ஸ். மட்டை நுனியில் பட்டு, சுழன்றபடி முதல் பேஸ் பக்கம் மெதுவாக உருண்ட பந்து. முதல் பேஸ்காரர் ஆன்டனி ரிஸோ எடுத்தார். முதல் பேஸில் யாரும் இல்லை; பந்தை வாங்க அங்கே ஓட வேண்டியவர் பிட்சர். கோல் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு நின்று, கையை நீட்டி ரிஸோவை ஓடச் சொன்னார். பெட்ஸ் முந்திவிட்டார், ஒரு ரன். அடுத்து ஃப்ரெடி ஃப்ரீமன் அடியில் இரண்டு ரன், தியாஸ்கர் ஹெர்னாண்டஸ் அடியில் இரண்டு ரன். 5-5. கடைசியில் 7-6 என்று தோற்றீர்கள்.

இதில் ஜட்ஜ் விட்ட கேட்ச்சை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய இன்னிங்ஸில்தான் ஃப்ரீமன் அடித்ததைச் சுவரில் மோதிப் பிடித்திருந்தார். யானைக்கும் அடி சறுக்கும். அந்த வகைச் சறுக்கலுக்கு எந்தப் பயிற்சித் திட்டமும் மருந்தில்லை.

முதல் பேஸ் கதை அப்படியல்ல. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து முதல் பேஸுக்கு நேர்க்கோட்டில் சுமார் 64 அடி. வலக்கை பேட்டர் ஒருவர் அடித்துவிட்டு முதல் பேஸைத் தொட சராசரியாக 4.3 நொடி எடுத்துக்கொள்கிறார். கணக்குப் போட்டால் பிட்சருக்கு நொடிக்கு 15 அடி வேகம் போதும். பெரிய லீக் வீரர்களின் சராசரி முழு ஓட்டம் நொடிக்கு 27 அடி. பாதி வேகத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். போதாததற்கு, வலக்கை பிட்சரின் உடல் பந்தை விட்டதும் முதல் பேஸ் பக்கமே சாய்கிறது. ஆக, கால் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓட்டத்தைத் தொடங்கவில்லை, அதுதான் பிழை.

ஏன் தொடங்கவில்லை? பந்து எவ்வளவு வேகமாக வருகிறது என்று சரியாகக் கணிக்க முடியாமல், அதைத் தானே எடுக்கும் கோணத்தில் போய்விட்டதாகக் கோலே பிறகு சொன்னார். நேர்மையான பதில். நோயும் அதில்தான் இருக்கிறது. பந்தைப் பார்த்து, கணித்து, பிறகு ஓடுவது என்ற வரிசையே தவறு. கிரிக்கெட்டில் த்ரோவை வாங்க பந்துவீச்சாளர் ஸ்டம்புக்கு ஓடி வந்து நிற்பாரே, அவர் யோசித்துவிட்டா ஓடுகிறார்? தனக்கு இடப்பக்கம் அடிபட்ட எந்தப் பந்துக்கும் பிட்சர் ஓட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். முதல் பேஸ்காரர் தானே முடித்துக்கொண்டால் நல்லது, நான்கு அடி வீண், நஷ்டம் ஒன்றுமில்லை.

ஓட்டத்திலும் ஒரு வழி இருக்கிறது. பேஸை நோக்கி நேராக ஓடக் கூடாது. அப்படி ஓடினால் கோட்டைக் குறுக்கே கடந்து, ஓடிவரும் பேட்டர் மேல் மோத வேண்டிவரும். பேஸுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் கோட்டருகே ஒரு புள்ளி. அங்கே போய்த் திரும்பி, கோட்டுக்கு இணையாக உட்பக்கமாக ஓட வேண்டும். பேஸைத் தொடுவதற்கு இரண்டு அடி முன்பே பந்து மார்பு உயரத்தில் கைக்கு வந்துவிட வேண்டும். வலக்காலால் பேஸின் உள் விளிம்பைத் தொட்டு, உடனே உட்பக்கம் திரும்பி ஹோம் பிளேட்டைப் பார்க்க வேண்டும். 2023-இலிருந்து பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகிவிட்டது. விளிம்பைத் தொட இடம் தாராளம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. பிப்ரவரியில் டாம்பாவில் எல்லாப் பிட்சர்களும் வரிசையில் நின்று செய்கிற வேலைதான். எந்த அணியிலும் ஏப்ரல் வந்ததும் இது குறைந்துபோகும். ஆகஸ்டில் கேட்கவே வேண்டாம். குறைவதைவிட மோசமானது அது நடக்கும் விதம். பயிற்சியாளர் அடிக்கப் போகிறார் என்று பிட்சருக்கு முன்பே தெரியும். பந்து எடுத்தெறிவதுபோல் சும்மா பாவனை செய்துவிட்டு ஓடுகிறார். மூச்சு வாங்காது, மனதில் வேறு எதுவும் இருக்காது. அன்றைக்குக் கோல் இருந்த நிலை நேர் எதிர்: நீண்டுகொண்டே போகும் இன்னிங்ஸ், பேஸ் நிறைய ஆள், ஓதானியை வீழ்த்திய கையோடு அடுத்த பேட்டர். மனம் முழுக்க அடுத்த பந்து எங்கே போட வேண்டும் என்பதில்தான் இருக்கும்.

அதனால் நாங்கள் கேட்பது இது. ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிங் பிட்சர் ஒவ்வொருவரும் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒரு நாள் 25, 30 பந்து போட்டுப் பார்ப்பார். அதை மாதம் இரண்டு முறையாவது புல்பென்னில் (பிட்சர்கள் பந்து போட்டுப் பழகும் தனி இடம்) வைக்காமல் மைதானத்தில் வையுங்கள். புல்பென்னில் முதல் பேஸ் கிடையாது. மேட்டை மிதித்துக் கெடுத்துவிடுவார்கள் என்று மைதானப் பராமரிப்பாளர்கள் முறுக்கினால், முன்னால் புல்லில் நின்று போடட்டும். நிஜப் பந்து போடட்டும். எந்தப் பந்துக்குப் பின் என்று சொல்லாமல் பயிற்சியாளர் ஒரு பந்தை முதல் பேஸ் பக்கம் உருட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு முறை போதும், அதில் நான்கு முறையாவது இருபதாவது பந்துக்குப் பிறகு வரட்டும். பயிற்சிக்கான ஃபங்கோ மட்டையால் நேராக அடித்துப் பயனில்லை. அந்தப் பந்து சமர்த்தாக உருண்டு வரும். பெட்ஸ் அடித்ததுபோல் வளைய வேண்டுமென்றால் கையால் திருகி உருட்டிவிடுங்கள்.

முதல் பேஸ்காரரும் கூடவே இருக்க வேண்டும். சுழலும் பந்து கடைசி நொடியில் திசை மாறும் என்று ரிஸோ பின்னால் தங்கி வாங்கினார். தவறாமல் பிடிக்க அது சரியான முறை. ஆனால் பின்னால் தங்கினால் பேஸுக்குத் தானே ஓட நேரம் இருக்காது. ஆக, அவர் பின்னால் தங்க முடிவெடுத்த கணமே அந்த அவுட் பிட்சரை நம்பி நிற்கிறது. அதை வாய்விட்டுக் கத்திச் சொல்ல வேண்டும். 50,000 பேர் அலறும்போது காதில் விழாது என்பார்கள். விழாதுதான்; அதனால்தான் இருவரும் சேர்ந்து நூறு தடவை செய்திருக்க வேண்டும்.

வோல்பியின் எறிதலைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 5-0 முன்னிலையில் இருக்கும் அணிக்குத் தேவை அவுட், பேஸ் அல்ல. ஸ்மித்தை முதல் பேஸில் அவுட்டாக்கியிருந்தால் இரண்டிலும் மூன்றிலும் ஆள், ஒரு அவுட். அந்த நிலையிலிருந்து ஒரு இன்னிங்ஸில் சராசரியாக 1.4 ரன் வரும். அவுட்டே இல்லாமல் மூன்று பேஸும் நிறைந்தால் 2.3 வரும். மூன்றாவது பேஸ் அவுட்டுக்கு ஆசைப்பட்டதற்கு விலை கிட்டத்தட்ட ஒரு ரன். முன்னிலை நான்கைத் தாண்டினால் நிச்சயமான அவுட் எங்கே கிடைக்குமோ அங்கே எறி என்று இன்னிங்ஸ் தொடங்குமுன் அணியினர் அமரும் டக்-அவுட்டிலிருந்து ஒரு சைகை போதும்.

எட்டாவது இன்னிங்ஸில் இன்னொன்று. ஓதானியின் மட்டை, பேட்டருக்குப் பின்னால் உட்காரும் உங்கள் கேட்சர் ஆஸ்டின் வெல்ஸின் கையுறையில் பட்டது. குறுக்கீடு என்று ஓதானிக்கு முதல் பேஸ் இனாமாகக் கிடைத்தது. அடுத்து பெட்ஸ் உயர அடித்த பந்தில் வெற்றி ரன். கேட்சர்கள் இப்போது பிளேட்டை நெருங்கி உட்காருவது தாழ்வாக வரும் பந்தை நடுவருக்கு ஸ்ட்ரைக்காக (சரியான எல்லைக்குள் வந்த பந்தாக) காட்ட. அந்த வித்தையில் வெல்ஸ் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. பழைய அளவுகோல் ஒன்று உண்டு: உட்கார்ந்தபடி கையை நீட்டினால் விரல் நுனி பேட்டரின் பின்முழங்காலை ஏறத்தாழத் தொட வேண்டும். அதைவிட நெருங்கினால் ஆபத்து. மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது ஓர் அரை அடி பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். ஒரு பந்து ஸ்ட்ரைக் ஆவதைவிட, ஒரு பேட்டர் சும்மா பேஸுக்குப் போகாமல் இருப்பது அங்கே பெரிது.

சரி, அது 2024 கதை என்பீர்கள். 2025 டிவிஷன் சீரிஸ், நான்காவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். டொரான்டோ 2-1 முன்னிலை, ஒரு அவுட், முதல் பேஸில் எர்னி கிளெமென்ட். ஆன்ட்ரேஸ் ஹிமேனஸ் அடித்தது இரண்டாவது பேஸில் நிற்கும் ஜாஸ் சிஸமிடம், இரட்டை அவுட்டுக்கென்றே அளந்து அடித்ததுபோல். பந்து கையுறையில் தங்கவில்லை. இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் நேதன் லூக்ஸ் சிங்கிள் அடித்து இரண்டு ரன். 4-1. அந்த இரண்டு இல்லாவிட்டாலும் 3-2 என்று தோற்றிருப்பீர்களே என்று வாதாடலாம். ஒரு ரன் பின்தங்கி ஆடும் எட்டாவது இன்னிங்ஸும் மூன்று ரன் பின்தங்கி ஆடும் எட்டாவது இன்னிங்ஸும் ஒன்றா என்று பூனுக்குத் தெரியும். சிஸமை இதே சீசனில் இரண்டாவது பேஸிலிருந்து மூன்றாவதுக்கும், ஜூலையில் மறுபடி இரண்டாவதுக்கும் மாற்றினீர்கள். இரண்டிலும் பந்து வரும் கோணம் வேறு, எறியும் தூரம் வேறு. இடம் மாறுகிறவருக்கு மற்றவர்களைவிட இரட்டிப்புப் பந்து வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். லீக்கிலேயே மிகக் குறைவாக ஸ்ட்ரைக்-அவுட் ஆன அணி 2025-இன் டொரான்டோ. 2024-இல் டாட்ஜர்ஸின் திட்டமும் அதுவே என்று தொடர் முடிந்ததும் செய்தி வந்தது: பந்தை ஆட்டத்துக்குள் போட்டுக்கொண்டே இரு, யாங்கீஸ் தடுமாறுவார்கள். உங்கள் பலவீனம் உங்களைவிட எதிராளிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு காரணம் ஸ்கோர் புத்தகத்திலேயே இருக்கிறது. பெட்ஸ் அடித்த அந்தப் பந்து புத்தகத்தில் சிங்கிள். ஓடாமல் நின்றது பிழைக் கணக்கில் ஏறாது. மனத் தவறுகளைப் பிழையாக எழுதக் கூடாது என்பது விதி. கோலுடைய கணக்கிலும் அன்று ஐந்து ரன் போனதில் அவர் பொறுப்பு என்று எழுதப்பட்ட ரன் ஒன்றுகூட இல்லை. காகிதத்தில் பார்த்தால் குற்றமற்ற ஆட்டம்! ஆகவே நீங்களே ஒரு தனிப் புத்தகம் வையுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் வீடியோவைப் போட்டு, முதல் பேஸுக்குத் தாமதமாக ஓடியது, தவறான பேஸுக்கு எறிந்தது, இடையில் நின்று வாங்க வேண்டியவர் அங்கே இல்லாதது, பின்னால் போய்த் தாங்க ஆளில்லாதது என்று எண்ணி எழுதுங்கள். கழகத்தில் பகுப்பாய்வாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரை ஆட்டத்துக்கு அரை மணி நேரம் இதற்கென்று உட்கார வைத்தால் போதும். வாரம் ஒரு முறை அந்தப் பக்கத்தை உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டுங்கள். ஜட்ஜ் பெயரும் அதில் வரட்டும், அப்போதுதான் புதியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பிப்ரவரியில் பிட்சர்களும் கேட்சர்களும் டாம்பாவுக்கு வந்துவிடுவார்கள். முழங்கை அறுவை சிகிச்சையால் 2025 முழுவதும் ஆடாதவர் கோல். அந்தப் பந்தை எப்படி உருட்டிவிட வேண்டும் என்று பயிற்சியாளருக்குச் சொல்லிக் கொடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. முதல் நாளே கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
அடுத்த சீசனிலும் முதல் ஆட்டத்திலிருந்தே பார்க்கப் போகிற
யாங்கீஸ் ரசிகர்கள் சிலர்