பழைய மடிக்கணினியைப் பத்திரமாக வை

கும்பகோணம்,
2024 டிசம்பர் 20

சிரஞ்சீவி செந்திலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். சித்திக்கு மட்டும் பழைய மூட்டுவலி. கார்த்திகை தீபத்தன்று நீ பேசுவாய் என்று எதிர்பார்த்தோம். வேலை இருந்திருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் பழைய மடிக்கணினியில் அம்மாவின் படங்களையும் குரலையும் வைத்திருக்கும் நம் குடும்ப இணையச் சேமிப்புக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. அதில் லாக் அவுட் செய்துவிடாதே.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, நம்மைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விவரங்களை நாம் கேட்டால் தர வேண்டும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அந்தக் கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். ஒரு மாதக் கெடுவுக்குள் ஒரு ஜிப் கோப்பு வந்தது. பிரித்தால் படமும் இல்லை, குரலும் இல்லை; வெறும் எழுத்தும் எண்ணுமாக நான்கு ஜேசன் கோப்புகள் மட்டுமே இருந்தன. பெயர்கள்கூடப் பூட்டப்பட்டிருப்பதால், 'அம்மா' என்று நீ பெயரிட்ட ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எட்டு எழுத்துகள். சாவி எங்களிடம் இல்லை, எங்களாலும் திறக்க இயலாது என்று பணிவாக எழுதியிருந்தார்கள்.

ஆனால் எந்தக் கருவி எப்போது உள்ளே வந்தது என்பது பூட்டப்படவில்லை. உன் மடிக்கணினிக்கு நேரே 1731289390 என்றிருந்தது. கைபேசி எண்ணோ என்று நினைத்தேன். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளின் கணக்காம். கருவூலத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் கூட்டிக் கழித்தவனுக்கு இது பெரிதா? எக்செலில் ஒரு நாளின் விநாடிகளான 86,400ஆல் வகுத்து, அதன் நாள் கணக்கில் 1970 ஜனவரி 1ஐக் குறிக்கும் 25,569ஐக் கூட்டி, நம் ஐந்தரை மணி நேரத்தையும் சேர்த்தேன். நவம்பர் 11, காலை 7.13. எழுந்ததும் அம்மாவைப் பார்த்திருக்கிறான் என்று மகிழ்ந்தேன். பூஜை முடித்து எழுந்தபோதுதான் உறைத்தது, ஜெர்மனியில் அப்போது பின்னிரவு 2.43. முந்தைய பதிவுகளையும் உன் ஊர் நேரத்துக்கு மாற்றினேன்: இரண்டரை, மூன்று, மூன்றேகால். அந்த நவம்பர் இரவுக்குப் பின் பதிவே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. வேளைக்குத் தூங்கு. அந்தக் கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதே.

கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திறக்க நீ அச்சிட்டுத் தந்த மீட்புச் சாவித் தாளைப் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருப்பதாக மூன்று முறை சொன்னேன் அல்லவா, அது பொய். வெள்ளையடித்தபோது பழைய காகிதங்களோடு எடைக்குப் போட்டுவிட்டேன். கைபேசியை மாற்றியதும் கடவுச்சொல் கேட்டது. எதைப் போட்டும் திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்று நீ சொன்னபோது, எல்லாம் எனக்குத் தெரியும் என்று உன் வாயை அடைத்தவனும் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மா பேசிய அந்த மூன்று நிமிடத்தைக் கேட்க இப்போது உன் மடிக்கணினியை விட்டால் வேறு வழியில்லை.

அதில் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போனால் மீட்புச் சாவியை மறுபடி எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். லாக் அவுட் மட்டும் செய்யாமல் அதை எடுத்து, இரண்டு தாள்களில் கையால் எழுதி, ஒன்றை எனக்குத் தபாலில் அனுப்பு. போனில் சொன்னாலும் எழுதிக்கொள்வேன். உனக்கு 2.43 ஆனாலும் இங்கே விடிந்திருக்கும். நான் காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா