லாங் பாரின் விசிறிகளும் பால்மரத் தோட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் மதுக்கூடமான லாங் பார் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடும் வழக்கம், 1915-இல் அங்கே மது கலப்பவராக இருந்த ஙியாம் தோங் பூன் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்ற மதுக்கலவையை உருவாக்கிய கதை எல்லாம் சுவையாக இருந்தன. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அந்த பாரின் இன்றைய தோற்றம் 1920-களின் மலாயாத் தோட்ட வாழ்க்கையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அந்தத் தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் எத்தனை பேர்!

என் அக்கா திருச்சியில் வாக்கப்பட்டவர். அவர் மகன் ஜூன் மாதம் வந்தபோது, லாங் பாரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். 79 வயதான அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கடலை மூட்டை, காலடியில் நொறுங்கும் தோல் என்று அவனுக்கு எல்லாமே புதுமை. அம்மாவோ கடலையை உரித்து, தோலைக் கீழே போட மனம் வராமல் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

கூரையில் வரிசையாக ஆடும் ஓலை விசிறிகளைப் பார்த்துவிட்டு, "முன்னாடி இதை எப்படி ஆட்டுவாங்க அம்மாச்சி?" என்று அவன் கேட்டான்.

"கயித்தைக் கட்டி ஆளு உட்கார்ந்து இழுக்கணும் ராசா. துரை வீட்டுப் பங்கா அப்படித்தான்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார் அம்மா.

அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. அம்மா பிறந்தது மலேசியாவின் ஜொகூரில், குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டும். பால் நன்றாக வடிவது குளிர்ந்த விடியலில்தான், வெயில் ஏறினால் நின்றுவிடும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பட்டையைச் சீவிக்கொண்டே போவாராம் பாட்டி. அம்மா பின்னாலேயே போய் பால் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்தைத் துடைத்து வைப்பார். எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்று விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினார். ஆழமாகப் போனால் மரம் புண்ணாகிவிடும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி திட்டுவார். "துரைங்களுக்கு கிளப்பு, எங்கப்பாவுக்குக் கள்ளுக்கடை" என்றார். கிளப்புக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் அந்த முறைக்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் நம் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு, வந்தன. அங்கே 1888-இல் பொறுப்பேற்ற தாவரவியலாளர் ரிட்லிதான் அந்த முறையைச் செய்து காட்டி, தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதைகளை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே அவரை அழைத்தார்கள். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகி, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடுகள் தோட்டமாயின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள்.

ஸ்லிங் ஒரு கோப்பை 30 வெள்ளிக்கு மேல். அதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் வந்து மக்கள் அந்த விசிறிகளுக்குக் கீழே படம் எடுத்துக்கொள்வதும் எனக்குப் பெருமைதான். அவர்களோடு போகும் நம் தமிழ் வழிகாட்டிகள் கடலைத் தோலைப் பற்றிச் சொல்லும்போது, பால்மரத்தைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துப் போகிறவர்களும் சொல்லலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் பால் வெட்டி, பிறகு சிங்கப்பூருக்கு வந்தவர்கள் இன்னும் நம் அடுக்குமாடி புளோக்குகளில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எழுபது, எண்பது வயது தாண்டிவிட்டது. அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத, வாரம் அரைப்பக்கம் ஒதுக்குவீர்களா? முதல் வாரத்துக்கு அம்மா தயாராக இருக்கிறார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் தூங்கி எழுந்திருப்பார்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்