நெருஞ்சிக் காயும் குருவியின் அலகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரிணாமம் என்பது புதைந்த எலும்புகளை வைத்துக் கட்டிய ஊகம், அது நடப்பதைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை என்று படித்தவர்களே கூறக் கேட்கிறோம். தொல்லுயிர் எச்சங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டாலும், இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தும் பண்புள்ளவை பிழைத்துப் பெருகுதல்) நிகழ்வதை ஆய்வாளர்கள் அளவுகோலும் கையுமாக அருகிலிருந்தே பதிவு செய்திருக்கிறார்கள் என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள காலபகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டாஃப்னே மேஜர் என்னும் சிறு தீவுக்கு, உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து சென்று, அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகுகளை அளந்து குறித்துவந்தனர். 1977-இல் மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோக, எஞ்சியவற்றுள் முக்கியமானவை நெருஞ்சி இனத்துச் செடியொன்றின் முள் நிறைந்த கடினமான காய்கள். அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அவர்கள் கவனித்த குருவியினத்தின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,200-லிருந்து 180 ஆகச் சரிந்தது. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், பஞ்சத்துக்கு முந்தைய சராசரியைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதல். அலகின் தடிமன் பெருமளவு பெற்றோர்வழி இறங்கும் பண்பு என்பதால், அடுத்துப் பொரித்த குஞ்சுகளும் தடித்த அலகுடனேயே வளர்ந்தன.

எந்தக் குருவியும் முயன்று தன் அலகைப் பெருக்கிக்கொள்ளவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ‘சூழலுக்கேற்ப உயிரினங்கள் தம்மை மாற்றிக்கொண்டன’ என்று நாம் கவனமின்றி எழுதுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். 1983-இல் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தபின், தேர்வு சிறிய அலகுகளுக்குச் சாதகமாகத் திரும்பியது. இதைக் காட்டி ‘மாற்றம் நிலைக்கவில்லையே’ என்பவர்கள், இயற்கைத் தேர்வுக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு என்று தாங்களாகவே கற்பித்துக்கொள்கிறார்கள்.

இருப்பதிலிருந்து கழிப்பதன்றிப் புதிதாக எதுவும் தோன்றாது என்பது அடுத்த மறுப்பு. அமெரிக்காவில் உயிரியலாளர் ரிச்சர்டு லென்ஸ்கி 1988-இல் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவைப் 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கி, 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரிகளை உறையவைத்துவந்தார். ஆக்சிஜன் உள்ள இடத்தில் சிட்ரேட்டை (எலுமிச்சை அமிலத்தின் உப்பு; குடுவைக் கரைசலில் இதுவும் இருந்தது) உண்டு வளர இயலாமை அந்தப் பாக்டீரியாவை அடையாளம் காட்டும் பண்புகளுள் ஒன்று. அப்படியிருந்தும், ஏறத்தாழ 31,500 தலைமுறைகளுக்குப்பின் ஒரேயொரு குடுவையில் அத்திறன் தோன்றியது. அந்தக் குடுவையில் பாக்டீரியாக்கள் பெருகி நிறைந்தன. உறைந்த மாதிரிகளை உருக்கி மீண்டும் வளர்த்துப் பார்த்தபோது, 20,000-ஆவது தலைமுறையை ஒட்டியும் அதற்குப் பின்னும் சேமித்தவற்றிலேயே அத்திறன் மறுபடி தோன்றியது, முந்தியவற்றில் தோன்றவில்லை. முன்னர் நேர்ந்த ஏதோவொரு மரபணு மாற்றம் அதற்கு வழியமைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் 2008-இல் முடிவுசெய்தது இதன் அடிப்படையில்தான்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்