புலிக்கு முன்னால் புல்லா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு புதிர்ப் பகுதியில் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாகப் படகில் ஏற்றி ஆற்றைக் கடத்தும் பழைய கணக்கு வந்திருந்தது; படகோட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் புலி ஆட்டையும், ஆடு புல்லையும் தின்றுவிடும். அன்று காலை எங்கள் தெரு டீக்கடையில் அதுதான் பேச்சு. முதலில் ஆட்டைக் கொண்டுபோக வேண்டும் என்பதில் சண்டையில்லை. அடுத்தது புலியா, புல்லா என்பதில்தான் இரண்டு கட்சி. கடைசியில் டம்ளர், பிஸ்கட், தீப்பெட்டியை வைத்து நடத்திப் பார்த்தோம். எதை ஏற்றினாலும் சரி, திரும்பும்போது ஆட்டைக் கூடவே கொண்டுவந்துவிட்டால் 7 பயணத்தில் வேலை முடிகிறது. ஆக, விடை இரண்டு. நீங்கள் போட்டதோ ஆட்டுக்கு அடுத்து புலி போகும் விடை மட்டும். புல் கட்சிக்காரர்கள் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். விடையை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடாதீர்கள். பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே கண்டுபிடித்ததுபோல் பேச ஒருவர் எப்போதும் வந்துவிடுகிறார். அடுத்த வாரம் போடுங்கள், நாங்கள் நிம்மதியாகச் சண்டை போடுகிறோம்.

அப்புறம், என் பேத்தி கேட்ட கேள்விக்கு மட்டும் கடையில் யாரிடமும் பதிலில்லை: ஆட்டைத் தின்னும் புலி, படகோட்டியை ஏன் விட்டுவைத்தது?

– ஒரு வாசகர், மதுரை