மூன்று பெருக்கல் குறி

மெர்தர் டிட்வில்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி மட்டும் இந்த ஈரத்தில் அடங்கமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளையும் பேரனும் சுகந்தானே?

வியாழக்கிழமை நீ போனில் சொன்னதையே நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2027 மே மாதம் வரும் கவுன்சில் தேர்தலில் உன் ஸ்வான்சி வார்டுக்கு நிற்கச் சொல்லி, தெருக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள் என்றாய். நூலகத்தை மூடக்கூடாது என்று நீ ஆறு மாதம் அலைந்ததைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். நீயோ, "நம்ம முகத்துக்கு யாரும்மா ஓட்டுப் போடுவாங்க? இங்க எப்பவும் ஜெயிக்கிறவங்கதான் ஜெயிப்பாங்க" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எப்பவும் ஜெயிக்கிறவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று நானும் நம்பியிருந்தேன். 1981-ல் வேல்ஸின் இந்த ஊருக்கு வந்தபோது அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மெர்தர் என்றால் லேபர் கட்சி, லேபர் என்றால் மெர்தர். லேபரை உருவாக்கியவர்களில் ஒருவரான கெய்ர் ஹார்டியை 1900-லேயே பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. 1831-ல் இரும்பாலைத் தொழிலாளிகள் இந்தத் தெருக்களில்தான் செங்கொடி பிடித்தார்கள். இங்கே வேறு கட்சி எப்படி முளைக்கும் என்று கேட்டால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

பக்கத்து வீட்டு மாம்கீதான், வெல்ஷில் பாட்டியை அப்படித்தானே கூப்பிடுவோம், எனக்கு வேறு கதை சொன்னார். உனக்கு அவர் முகம் நினைவிருக்கும். வெல்ஷ் கேக் சுடும்போதெல்லாம் உன்னைக் கூப்பிட்டு, சூடு ஆறுமுன் கையில் கொடுப்பார். அவர் வீட்டுக்காரர் மெர்தர் வேல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டே, "நாங்கள் லேபரை ஒருமுறை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம், தெரியுமா?" என்றார். நான் நம்பவில்லை. உண்மைதான். 1976 மே மாதம் வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரி இந்தக் கவுன்சிலைப் பிடித்தது. தலைமுறை தலைமுறையாக லேபர் கையில் இருந்த மன்றம் ஒரே நாளில் கைமாறியது. மூன்று வருஷம் கழித்து 1979-ல் மக்களே திரும்ப லேபரைக் கொண்டுவந்தார்கள்.

அது திடீரென்று வந்த கோபம் இல்லை கண்ணு. மாம்கீ அதை நம் பக்கத்துக் கிராமமான ஆபர்வானிலிருந்து தொடங்குவார். 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் கொட்டிவைத்த நிலக்கரிக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 உயிர். அதில் 116 குழந்தைகள். பான்ட்கிளாஸ் என்ற அந்தப் பள்ளிக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று இதே கவுன்சிலின் பொறியாளர் 1963-லேயே நிலக்கரி வாரியத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும், மிச்சமிருந்த கழிவுமேடுகளை அகற்ற, ஜனங்கள் உலகம் முழுவதிலிருந்தும் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை லண்டனில் இருந்த லேபர் அரசு எடுத்துக்கொண்டது. செத்த பிள்ளைகளின் பெயரில் வந்த பணம். 1997-ல்தான் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டிகூட இல்லாமல். அந்தத் தொகையைச் சொல்லும்போது மட்டும் மாம்கீயின் குரல் மாறிவிடும். வேறெதையும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

1970-ல் எஸ். ஓ. டேவிஸ் என்ற கிழவருக்கு வயதாகிவிட்டது என்று லேபர் சீட்டுக் கொடுக்கவில்லை. 1934-லிருந்து எம்.பி.யாக இருந்தவர் அவர். சுயேச்சையாக நின்றார், கட்சி நிறுத்திய ஆளைத் தோற்கடித்தார். அவர் காலமானதும் 1972-ல் வந்த இடைத்தேர்தலில் லேபர் ஜெயித்தது. ஆனால் ப்ளைட் கம்ரியின் எம்ரிஸ் ராபர்ட்ஸ் தோற்றது 4,000-க்கும் குறைவான ஓட்டில். அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான் 1976. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஊர் ஒரே ராத்திரியில் மனம் மாறவில்லை, பத்து வருஷம் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆபர்வான் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். லண்டனில் ஆளுங்கட்சிமேல் கசப்பு வந்தால் அதை முதலில் வாங்கிக்கட்டிக்கொள்வது கவுன்சிலர்தான். அது எல்லா ஊரிலும் உண்டு.

பிறகு நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. 1996-ல் பழைய மாவட்ட அமைப்பைக் கலைத்து வேல்ஸ் முழுவதையும் 22 கவுன்சிலாகப் பிரித்தார்கள். மக்கள் தொகையில் அதில் நம்முடையதுதான் சின்னது, 60,000 பேர்கூட இல்லை. 33 இடம். 2008-ல் லேபர் அதை இழந்தது, சுயேச்சைகள் வந்தார்கள். 2012-ல் லேபர் 23 இடத்தோடு திரும்பி வந்தது. சரி, இனி அசைக்க முடியாது என்று அப்பா சொன்னார். அடுத்த தேர்தலிலேயே, 2017-ல், அது போயிற்று.

2017-ஐ நீ மறந்திருக்கமாட்டாய். நம் கவார்த்வா வார்டில் வேட்பாளர் ஒருவர் காலமாகிவிட்டார். அதனால் மே 4-ந் தேதி ஊரெல்லாம் ஓட்டுப் போட, நம் வார்டு மட்டும் காத்திருந்தது. ஜூன் 8, பாராளுமன்றத் தேர்தல் நாளன்றுதான் நமக்கு. கவுன்சில் யார் கைக்குப் போகும் என்பது நம் வார்டின் மூன்று இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மாதம் நம் தெருவில் கதவு தட்டாத நாளே இல்லை. கவார்த்வா கோட்டைக்குக் கீழே இருக்கும் சந்தில் தண்ணீர் தேங்குகிறது என்று நான் ஒருவரிடம் சொன்னேன். மழையில் மண்டியிட்டு, கையால் இலையை ஒதுக்கி, சாக்கடை மூடியைப் பார்த்துவிட்டுப் போனார். கோட்டின் முழங்கை வரை சேறு. அவர் எந்தக் கட்சி என்று எனக்கு இன்றைக்கு நினைவில்லை. அந்த முழங்கைதான் நினைவிருக்கிறது. கடைசியில் சுயேச்சைகள் 18, லேபர் 15.

நீ முதன்முதலாக ஓட்டுப் போடப் போன நாளில், "ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதானேம்மா, இதில் மூன்று போடச் சொல்லியிருக்கே" என்று சாவடியிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தாய். இந்த ஊர்த் தேர்தலின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர் என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. நூலில் கட்டித் தொங்கும் பென்சிலால் மூன்று பெருக்கல் குறி. மூன்றையும் ஒரே கட்சிக்குப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒன்றோடு நிறுத்திக்கொண்டாலும் செல்லும். நான் ஒருமுறை சாவடியில் எழுத்தர் வேலைக்குப் போயிருந்தேன் அல்லவா, காலை 7 மணியிலிருந்து இரவு 10 வரை. அன்று வெளியே தேநீர் குடிக்கும்போது, தெரிந்த ஒரு பெரியவர் அவராகவே சொன்னார்: "இரண்டு என் அப்பாவின் கட்சிக்கு. ஒன்று, பனி பெய்த வாரத்தில் என் வாசலை வாரிவிட்ட பையனுக்கு." அறுபது வருஷமாக ஒரே கட்சிக்குப் போட்டவர் அவர். கட்சியை விடாமலே வேறொருவரை உள்ளே கொண்டுவர அந்த மூன்றாவது குறி வழி விடுகிறது. சுயேச்சைகள் இங்கே தலையெடுப்பதற்கு நான் கண்ட காரணம் இதுதான்.

சுயேச்சை என்றாலே உத்தமர் என்று நான் சொல்லவரவில்லை. 18 பேர் என்றால் 18 மனம். அவர்களை ஒரு தீர்மானத்துக்குக் கொண்டுவருவது லேசில்லை. கட்சி என்று ஒன்று இருந்தால் நல்லதோ கெட்டதோ பொறுப்பு கேட்க ஒரு வாசல் இருக்கும். நீ கட்சியில் நிற்கிறாயா தனியாக நிற்கிறாயா என்பது உன் முடிவு. நான் அதில் தலையிடமாட்டேன்.

2022-ல் இடங்களை 30 ஆகக் குறைத்தார்கள். அந்த வருஷம் பக்கத்திலுள்ள பிளைனா க்வென்ட் கவுன்சிலை லேபர் சுயேச்சைகளிடமிருந்து மீட்டுக்கொண்டது. இங்கே அது முடியவில்லை. உன் ஸ்வான்சியிலும் இதே கதை உண்டு. 2004-ல் லேபர் இழந்து, எட்டு வருஷம் லிபரல் டெமாக்ரட்டுகள் தலைமையில் ஒரு கூட்டணி நடத்தி, 2012-ல் லேபர் திரும்ப வந்தது. எந்த ஊரிலும் எவருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை.

இனி அந்த முகம் பற்றிய கேள்வி. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். வேல்ஸுக்குச் சட்டமன்றம் வந்தது 1999-ல். அதில் வெள்ளையர் அல்லாத முதல் பெண்ணாக நட்டாஷா அஸ்கர் உட்கார்ந்தது 2021-ல். 22 வருஷம் ஆகியிருக்கிறது. கதவு தட்டும்போது ஒன்றிரண்டு வாசலில் சுருக்கென்று ஒரு சொல் விழும், விழாது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பள்ளத்தாக்குகளில் நம் நாட்டு டாக்டர்கள் எத்தனை பேர் கிளினிக் நடத்தினார்கள் என்று யோசித்துப் பார். உங்கப்பா பேர் இன்னும் இங்கே பாதிப் பேர் வாயில் நுழையவில்லை. இருந்தும் நடுராத்திரி நெஞ்சு வலித்தால் அந்தப் பேரைத்தான் சொன்னார்கள். உன் வார்டில் அந்த நூலகத்துக்கு வரும் பாட்டிகளுக்கு உன் முகம் ஏற்கெனவே பழகிப்போனது.

கவுன்சிலரால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளை கேட்டாராம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃபோஸ்-இ-வ்ரான் திறந்தவெளிச் சுரங்கம் நம் ஊர் மேட்டில் 2007-லிருந்து தோண்டிக்கொண்டிருந்தது. அனுமதி 2022 செப்டம்பரில் முடிந்த பிறகும் நீட்டிக்கக் கேட்டார்கள். 2023 ஏப்ரலில் அதை மறுத்தது நம் கவுன்சிலின் திட்டக்குழு. இந்தப் பள்ளத்தாக்கில் நிலக்கரி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குக் கை தூக்கியவர்கள் நம் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருக்கிற சாதாரண ஆட்கள். பள்ளி, முதியோர் பராமரிப்பு, குப்பை, நூலகம் எல்லாம் அந்த மேசைக்குத்தான் வருகிறது.

செலவை நினைத்துப் பயப்படாதே. கவுன்சில் தேர்தலுக்கு டெபாசிட் கிடையாது. ஜெயித்தால் சம்பளமும் உண்டு, 2022-ல் அது வருஷத்துக்கு 16,800 பவுண்டு. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்குக் காணும். ஒன்று தெரியுமா, 2022-ல் வேல்ஸ் முழுக்க 74 இடங்களில் போட்டியே இல்லை. எதிர்த்து நிற்க ஆள் வராததால், ஒரு ஓட்டும் விழாமலே கவுன்சிலர் ஆனார்கள். அந்தத் தெருக்களில் இருந்த ஜனங்கள் பென்சிலைத் தொடவே இல்லை. 16 வயதுப் பிள்ளைகளுக்கும், பிற நாடுகளிலிருந்து வந்து சட்டப்படி குடியிருப்பவர்களுக்கும் ஓட்டுரிமை கொடுத்து நடந்த முதல் கவுன்சில் தேர்தல் அது. ஓட்டு வந்தது, போடுவதற்குத்தான் ஆள் இல்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தோற்றால்? தோற்றால் வீட்டுக்கு வா. ரசம் வைத்துத் தருகிறேன். 2008-ல் தோற்றவர்களில் சிலரை 2012-ல் மறுபடி வாசலில் பார்த்தேன், லேபரின் அதே சிவப்பு ரோஜாப் பட்டையோடு.

அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாளா என்கிறார். அதை நான் பேசிக்கொள்கிறேன். நீ முடிவு எடுக்குமுன் ஒரு காரியம் செய். வரும் சனிக்கிழமை கார்டிஃபில் ரயில் மாறி மதியத்துக்குள் வந்துவிடுகிறேன். உன் வார்டின் தெருப்பட்டியலை எடுத்து வை. குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் ஒரே ஒரு தெருவுக்குப் போய்வருவோம். ஓட்டு எதுவும் கேட்க வேண்டாம். என்ன குறை என்று மட்டும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவோம். நோட்டு நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: இதை உறையில் போடும்போது அப்பா வந்து கேட்டார். உன் வார்டில் மேட்டுத் தெரு எத்தனை, பள்ளத்துத் தெரு எத்தனை என்று எழுதி அனுப்பச் சொன்னார்.